பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் வீட்டில் திட்டு ஜெபத்தில்தான் வரும். மற்ற வீடுகளில் அம்மாக்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் அம்மா கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, அப்புறம் அம்மா. "ஆண்டவரே, இந்த வீட்டுல ஒரு பிள்ள கணக்குல பெயிலாயிட்டு பேப்பர மெத்தைக்கடியில வச்சிருக்கு, அந்தப் பிள்ளைக்கு உண்மை பேசுற நாவைக் குடுங்க" என்று உருக்கமாகக் கேட்பார். அந்த வீட்டில் இருக்கும் ஒரே பிள்ளை நான். ஜெபத்தின் நடுவில் எதிர்த்துப் பேச முடியாது, கண்ணைத் திறக்கவும் முடியாது. முடிவில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். என் மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் நானே ஆமென் சொல்லித்தான் வளர்ந்தேன்.

பேரை மட்டும் சொல்ல மாட்டார். அது அவருடைய கொள்கை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டால், "நான் யார் பேரையாச்சும் சொன்னேனா?" என்று கேட்பார். சொல்லவில்லைதான். அப்பா சிரிப்பை மறைக்க இருமுவார், பிறகு தண்ணீர் கேட்பார்.

நாங்கள் இருப்பது ஈப்போ நகரத்துக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில். ரப்பர் தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்தவர்களுக்கென்று வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்த மலிவு வீடுகள். தோட்டம் போய்விட்டது, ஆனால் ஆட்கள் மாறவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் இங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சபையும் அப்படியே வந்தது. தோட்டத்துக் கோயிலில் இருந்த பெஞ்சுகள் இப்போது டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கின்றன. இந்தத் தாமானில் ஒருவரைப் பற்றிப் பேசப் பேரே தேவையில்லை. "கால் ஆபரேஷன் பண்ணினவங்களோட மருமக" என்றால் போதும், கேட்பவர் மருமகளின் சம்பளம்வரை சொல்லிவிடுவார்.

பள்ளிகளை மூடி ஆன்லைன் வகுப்பு நடத்திய காலத்தில் அப்பா எனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தார். அதைச் சாப்பாட்டு மேசையில், திரை அடுக்களையைப் பார்க்கும்படி வைத்தார் அம்மா. வீட்டுப்பாடம் எல்லாம் வகுப்புக் குழுவில்தான் வரும் என்பதால், பத்திரிகைக்காரர்கள் புலனம் என்று பேர் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பை என் போனிலிருந்து அதில் இணைத்தேன். பள்ளி திறந்த பிறகும் லேப்டாப் அங்கேயே இருந்தது. இணைப்பும் இருந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே என் பேச்சுகளைப் படிப்பார். "ஆண்டவருக்குத் தெரியாதது ஒன்னும் இல்ல. எனக்குத் தெரிஞ்சா மட்டும் என்னா?" என்பார். இணைப்பைத் துண்டிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். துண்டித்தால் ஏதோ மறைக்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

என் தோழிகளுக்கெல்லாம் இது தெரியும். எனக்கு எதையாவது அனுப்பிவிட்டுக் கடைசியில் "வணக்கம் ஆண்ட்டி" என்று சேர்த்து எழுதுவார்கள். ஒருநாள் அம்மா என் கணக்கிலிருந்தே "வணக்கம்மா, படிச்சாச்சா?" என்று பதில் அனுப்பிவிட்டார். வகுப்பே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என்னோடு ஒரே வகுப்பில், இரண்டு வரிசை தள்ளி இருந்த வீட்டில், ஒரு தோழி இருந்தாள். அவளுடைய அப்பாவின் வேனில்தான் நாங்கள் பள்ளிக்குப் போவோம். அவர் தன் மகள் போனைத் தினமும் சோதிப்பார். சாயங்காலம் வேனைக் கழுவி முடித்ததும், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனைக் கேட்பார். யார் பேசினார்கள், யார் எழுதினார்கள், என்ன படம் வந்தது எல்லாம் பார்ப்பார். கால்குலேட்டரைத்தான் விட்டுவைப்பார் என்று அவளைக் கேலி செய்வோம். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். அதற்கு முந்தின மாதங்களில் அந்த அம்மா எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாராம். வீடு கெட்டது அந்தப் போனால்தான் என்பது அவருடைய முடிவு. தனியாளாக மகளை வளர்த்தார், சமைத்தார், ரப்பர்பேண்டு போட்டுத் தலை கட்டிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது.

பீடோரில் நடந்த ஒரு கல்யாணத்தில் தாய்வழிச் சொந்தக்காரி ஒருத்தி அவள் காதில் ஒரு நம்பரைச் சொல்லியிருக்கிறாள். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வேனை விட்டு இறங்கியதும் என் போனை வாங்கி அழுத்தினாள். அவள் அம்மா ஜோகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். மதியக் கூட்டம் அடங்கி மூன்று மணிக்கு அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் என் அம்மா தாஸ்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பார். எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசுவாள்.

"எங்கம்மா லேப்டாப்புல எல்லாம் பாப்பாங்க, தெரியும்ல?" என்று நான் முதல் நாளே சொன்னேன்.

"ஒங்கம்மா பாத்தா ஜெபம்தான்லா பண்ணுவாங்க. எங்கப்பா பாத்தா?" என்றாள்.

அவர்கள் பேசியதில் ரகசியம் ஒன்றுமே கிடையாது. வயிற்று வலி வந்தால் என்ன குடிக்க வேண்டும், சாம்பல் தீர்ந்தால் மீனை எதைப் போட்டுத் தேய்ப்பது, இதுதான். ஒருநாள் அந்த அம்மா கடையில் கிடந்த துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஆணியில் மாட்டி, உச்சியிலிருந்தே எடுத்துப் பின்னும் சடையைப் போனில் காட்டிக் கொடுத்தார். இவள் போனை வாளி மேல் சாய்த்து வைத்துவிட்டு என் தலையில் பின்னிப் பழகினாள். வலித்தது. "இறுக்கிப் பிடி கண்ணு, அவ தலையில என்னா முடியா இல்ல?" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி வேனில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பேசும்போது லேப்டாப்பை மூடி வைப்போம். ஆனால் அந்த அம்மா நினைத்த நேரத்துக்குச் செய்தி அனுப்புவார். நம்பருக்கு நான் பேர் போடவில்லை. முகப்பில் அவர் படமும் இல்லை, ஒரு ரோஜாப்பூதான். அடுக்களையிலிருந்து என் அம்மா படித்தது இவ்வளவு: சாப்பிட்டியா கண்ணு. நாளைக்கும் அதே நேரம் பேசலாமா. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு.

அன்றைய குடும்ப ஜெபம் நீண்டுகொண்டே போனது. சோறு ஆறிவிட்டது. "ஆண்டவரே, இந்த வீட்டுல ஒரு பிள்ள, ரோசாப்பூவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கிற ஒருத்தன்கிட்ட ஏமாந்துகிட்டு இருக்கு..." அப்பா இருமவில்லை. நான் முதல் தடவையாக ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தேன்.

"அது ஆம்பள இல்லம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க வழியில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. மறுநாள் தாஸ்காவிலிருந்து சீக்கிரமே வந்து, பின்வாசலில் நின்று அவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் வாழைப்பழம் பொரித்து ஒரு தட்டில் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் பயந்து எழுந்தாள். "ஒக்காருமா, பேசு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் அம்மா.

அவர் சொல்லவும் இல்லை. ஜெபம்தான் செய்தார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். முதலில் ஜெபக்குறிப்புகள் கேட்பார்கள். இன்னாருக்கு இனிப்புநீர் நோய், இன்னார் மகனுக்கு வேலை, என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அன்றைக்கு என் அம்மா நன்றி சொல்ல ஒரு காரியம் இருக்கிறது என்று எழுந்தார். "தாயப் பிரிஞ்ச ஒரு பிள்ள, தகப்பன் வண்டி ஓட்டி வளக்குற பிள்ள, இப்ப தாயோட பேச ஆரம்பிச்சிருக்கு. அந்தக் குடும்பத்த ஆண்டவர் ஒன்னு சேக்கணும்." எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் அழுதார்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவே சந்தோஷமாகச் சொன்னார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "பேரச் சொல்லல லா" என்றார்.

எங்கள் தாமானில் மனைவி இல்லாமல் வண்டி ஓட்டிப் பிள்ளை வளர்ப்பவர் ஒரே ஒருவர்தான். திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போன கடையில் சபைக்காரர் ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். "ஸ்தோத்திரம் அண்ணே. ஒங்க சம்சாரம் திரும்பி வாராங்களாமே, கேள்விப்பட்டேன்." வாழ்த்துத்தான் சொன்னார். அந்த ஆளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் வேன் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. அவர் இஞ்சினை நிறுத்தாமல் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா."

"நான் பேர் சொல்லலண்ணே" என்றார் அம்மா.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்னா செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். பேசிட்டுப் போகட்டும்னு விட்டிருந்தாலும் விட்டிருப்பேன். இப்ப டீக்கடையில வந்து கை குடுக்குறாங்க. இனிமே நான் எப்படிக்கா விட முடியும்?"

அவர் அம்மாவை நின்று பார்த்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

அந்த வாரமே அவளை ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பள்ளியும் அங்கேயே மாற்றியாகிவிட்டது. போனை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். என்னிடம் சொல்லிக்கொள்ள அவளை விடவில்லையா, அவளே வர விரும்பவில்லையா, எனக்குத் தெரியாது.

நான் அதே வேனில்தான் பள்ளிக்குப் போனேன். வேறு வேன் இல்லை. முன்சீட்டில் அவள் உட்காரும் இடத்தில் அவர் தண்ணீர் போத்தலையும் துண்டையும் வைத்திருந்தார். எப்போதும்போல ரேடியோ ஓடியது. எப்போதும்போல "கதவ மெதுவா சாத்துமா" என்றார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்து டிஷ்யூகூட எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், தேர்வையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். "பிள்ள நல்லாத் தேறிட்டா" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். எனக்குமே அப்படித்தான் தோன்றியது.

ஆனால் மூன்று மணிக்குப் போன் அடிக்கும். ஜோகூரில் இருக்கிற அந்த அம்மாவுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. இப்போது மறைக்க ஒன்றுமில்லாததால் லேப்டாப்பும் திறந்தே இருந்தது. போன் என் கையில் அடிக்கும், கூடவே லேப்டாப் மேசையில் அடிக்கும், இரண்டும் சற்று முன்னே பின்னே. நான் எடுக்க மாட்டேன். எடுத்து என்ன சொல்வது? அடித்து அடித்து ஓயும். பிறகு செய்தி வரும். பிள்ளைக்கு ஒடம்பு முடியலையா? அப்புறம்: பரீட்ச நேரமா, பரவால்ல. அப்புறம்: நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா கண்ணு?

நான் அறையில் படித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து படித்தார். படித்தாயிற்று என்று காட்டும் நீலக் கோடுகள் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேர் படித்தோம். ஒருவரும் பதில் எழுதவில்லை.

அம்மா குடும்ப ஜெபத்தில் "அந்தப் பிள்ளைக்காக" ஜெபிக்கத் தொடங்கினார். அந்தப் பிள்ளையைப் பாதுகாருங்கள், அந்தப் பிள்ளையின் தாயை ஆற்றுங்கள். நான் ஆமென் சொன்னேன். என் வாய்க்கு அது பழகிப்போன வேலை.

இப்போது நான் ஈப்போவில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். மாதத்தில் சில பெற்றோர் வருவார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பிள்ள யார்கிட்ட பேசுதுன்னு எங்க ஹேண்ட்போன்ல பாக்குற மாதிரி செஞ்சு குடுக்க முடியுமாம்மா?" என்று கேட்பார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை. செய்திகளில் வருவதைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். முடியும் என்று சொல்லிச் செய்து கொடுக்கிறேன். கை தானாகச் செய்துவிடுகிறது. "பாத்ததுக்கப்புறம் என்னா செய்வீங்க?" என்று ஒரே ஒரு தடவை ஒரு அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு கேட்பதில்லை.

அவள் ஹுத்தான் மெலிந்தாங்கிலேயே இருக்கிறாள், மீன் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை என்று கேள்வி. இத்தனை நாளில் அவளுக்கு ஒரு போன் இல்லாமலா இருக்கும்? எனக்கு எழுதவில்லை. எழுதினால் யார் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் நான் மறக்கவில்லை. அவள் போன பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வெளியே நல்ல மழை. அம்மாவுக்குத் தாஸ்கா இல்லை. மேசையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் போன் அடித்தது. லேப்டாப்பும் அடித்தது. நான் வழக்கம்போல ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் வந்தது. பின்னால் கடை அடுக்களை, தொங்கும் கரண்டிகள். அவர் என் அம்மாவைப் பார்க்கவில்லை, அம்மாவின் தோளுக்குப் பின்னால் தேடினார். என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"பிள்ள இங்க இல்லம்மா" என்றார் அம்மா. "அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. அத்த வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஹேண்ட்போனும் இல்ல. என்னாலதான். நான்தான்..."

அந்த அம்மா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். பேச ஒன்றுமில்லாமல் போனால் என் அம்மா வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார்.

"ஜெபிக்கலாமா சிஸ்டர்?"

எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அந்த அம்மா சரி என்று தலையாட்டினார். அம்மா கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, தாயப் பிரிஞ்ச ஒரு பிள்ள..."

"பேரச் சொல்லுங்கக்கா."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"அவ பேரச் சொல்லி ஜெபிங்க" என்றார் அந்த அம்மா. "நான் வச்ச பேரு. இங்க யாருக்கும் எனக்கு ஒரு பிள்ள இருக்குன்னே தெரியாது. அவகூடப் பேசுறப்பகூட கண்ணு கண்ணுன்னுதான் கூப்புட்டேன். பேரச் சொன்னா, அங்க யார் காதுலயாச்சும் விழுந்துரும்னு பயம். நான் சத்தமாச் சொல்லி வருசக்கணக்காச்சுக்கா. நீங்களாச்சும் சொல்லுங்க, கேக்குறேன்."

நெத்திலி நாற்றம் அடிக்கும் கையை மேசை மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், என் அம்மா அந்தப் பேரைச் சொன்னார். திரையில் அந்த முகம் குனிந்தது. வகிடு மட்டும் தெரிந்தது.

"இன்னொரு தடவ" என்று கேட்டது.

அம்மா இன்னொரு தடவை சொன்னார். வேறு எதையும் கேட்கவில்லை, யாரையும் ஒன்று சேர்க்கச் சொல்லவில்லை, பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எப்போது நிறுத்துவது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து போன் வரவில்லை.